ஃபிரான்ஸ் ஜோசஃபா, ஃபாக்ஸா? நியூசிலாந்துப் பனியாற்றுப் பயணத்தில் எந்த ஊரில் தங்குவது

நியூசிலாந்தின் தென் தீவில், மேற்குக் கடற்கரையோரமாகச் செல்லும் 6ஆம் எண் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 25 கி.மீ. இடைவெளியில் இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது; இரண்டுக்கும் அருகில் ஒரு பனியாறு இறங்குகிறது; பனியாற்றின் பெயரே ஊரின் பெயராகவும் நிலைத்துவிட்டது. வடக்கே இருப்பது ஃபிரான்ஸ் ஜோசஃப், தெற்கே இருப்பது ஃபாக்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் அரை மணி நேரம்தான் என்றாலும், அந்தச் சாலை காட்டு மலையில் ஏறியும் இறங்கியும் வளைந்து செல்வதால், ஓர் ஊரில் தங்கிக்கொண்டு இரண்டிலும் முழுமையாகச் சுற்றிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றை அவசரமாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். ஆகவே எங்கே அறை எடுப்பது என்பது பயணத்தின் சாரத்தையே தீர்மானிக்கிற முடிவாகிவிடுகிறது.

இந்த முடிவை எடுப்பதற்குப் பலரும் இரண்டு பனியாறுகளில் எது பெரியது, எது அழகானது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என் கருத்தில் அந்த ஒப்பீட்டால் பெரிய பயன் இல்லை. பனியாறுகள் இரண்டும் ஒரே மலையில், ஒரே காற்றாலும் ஒரே மழையாலும் உருவானவை. தரையில் நிற்பவருக்கு இன்று இரண்டுமே தொலைவில்தான் தெரிகின்றன. ஒப்பிட வேண்டியவை வேறு மூன்று: காசு கொடுத்துப் பனியின்மேல் கால் வைக்கப் போகிறோமா, மழை பிடித்துக்கொண்டால் அந்த நாளை எப்படிக் கழிக்கப் போகிறோம், வானம் தெளிந்த ஒரு காலைப்பொழுதை எங்கே செலவிடப் போகிறோம். இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் பனியாறுகளைப் பற்றிச் சில செய்திகள். டாஸ்மன் கடலிலிருந்து வீசும் ஈரம் நிறைந்த மேற்குக் காற்று, கடற்கரையிலிருந்து மிகக் குறைந்த தொலைவில் மூவாயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கும் மலைச்சுவரில் மோதி மேலெழும்புகிறது. கீழே அது மழையாகவும் மேலே பனியாகவும் கொட்டுகிறது. அடிவாரத்து ஊர்களிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் மழை பெய்கிறது என்றால், மேலே உள்ள அகன்ற பனிப்படுகைகளில் குவியும் பனியின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பனி தன் எடையால் இறுகிப் பனிக்கட்டியாகி, அகன்ற படுகையிலிருந்து ஒடுங்கிய, செங்குத்தான பள்ளத்தாக்குக்குள் நெருக்கித் தள்ளப்படுவதால், இந்தப் பனியாறுகள் உலகின் பெரும்பாலான பள்ளத்தாக்குப் பனியாறுகளைவிடப் பல மடங்கு வேகமாக நகர்கின்றன. 1943இல் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாற்றின் மேல், முகப்பு எனப்படும் அதன் கீழ்முனையிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் உயரே விழுந்த ஒரு விமானத்தின் சிதைவுகள் ஆறரை ஆண்டுகளில் முகப்புக்கு வந்து சேர்ந்தன. இந்த வேகத்தால்தான் பனி உருகித் தீர்வதற்குள் மழைக்காட்டின் உயரம் வரை இறங்கிவர முடிகிறது. பெரணி மரங்களும் பாசி படர்ந்த கிளைகளும் நிறைந்த பசுங்காட்டுக்கு நடுவே பனியைக் காண்பது உலகில் மிகச் சில இடங்களிலேயே கிடைக்கும் காட்சி. அது இரண்டு ஊர்களுக்கும் பொது.

ஃபாக்ஸ் பனியாறு சுமார் 13 கி.மீ. நீளமுடையது, ஃபிரான்ஸ் ஜோசஃப் அதைவிடச் சற்றுக் குறைவு. ஃபிரான்ஸ் ஜோசஃப் அதிகச் செங்குத்தானது. ஃபாக்ஸின் சாய்வு சற்றே தணிந்தது. ஆஸ்திரியப் பேரரசரின் பெயரை 1865இல் யூலியஸ் ஃபான் ஹாஸ்ட் என்ற புவியியலாளர் வடக்கில் உள்ளதற்குச் சூட்டினார். தெற்கில் உள்ளது 1872இல் அதைக் காண வந்த நியூசிலாந்துப் பிரதமர் வில்லியம் ஃபாக்ஸின் பெயரைப் பெற்றது. நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கோ இவை இரண்டும் ஒரே கதையின் இரு பகுதிகள். மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்ட ஹினே ஹுகாதெரே என்ற பெண் தன் காதலனையும் உடன் அழைத்துச் சென்றாள். பனிச்சரிவு அவனை அடித்துச் சென்றது. அவள் சிந்திய கண்ணீர் உறைந்து வடக்குப் பனியாறானது. அவன் கிடக்கும் இடம் தெற்குப் பனியாறு. மாவோரிப் பெயர்களை இன்று அறிவிப்புப் பலகைகளிலும் வரைபடங்களிலும் ஆங்கிலப் பெயர்களோடு சேர்த்தே காணலாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பி வராதீர்கள்

இணையத்தில் கிடைக்கும் பயணக் குறிப்புகளில் பெரும்பகுதி இன்றைய நிலைமைக்குப் பொருந்தாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1983 முதல் 1999 வரையும், பிறகு 2000களின் நடுவில் சில ஆண்டுகளும் இந்தப் பனியாறுகள் முன்னேறிக்கொண்டிருந்தன. அக்காலத்தில் வாகன நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றுப்படுகை வழியே நடந்து, வழிகாட்டியோடு நேராகப் பனியின்மேல் ஏறிவிடலாம். 2008க்குப் பிறகு இரண்டும் விரைவாகப் பின்வாங்கின. முகப்பு மெலிந்து இடியத் தொடங்கியது. நடந்து பனியில் ஏறும் வழக்கம் ஃபிரான்ஸ் ஜோசஃபில் 2012இலும், ஃபாக்ஸில் 2014இலும் முடிவுக்கு வந்தது. அன்றிலிருந்து பனியின்மேல் நிற்க விரும்புகிறவருக்கு நடைமுறையில் ஹெலிகாப்டர் ஒன்றே வழி.

அதற்குப் பிறகு 2019 வந்தது. ஃபாக்ஸ் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஒன்று ஓயாமல் சரிந்து, பனியாற்றை நோக்கிச் செல்லும் சாலையை மூடியது; அந்தச் சாலை நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதப் பெருமழையில் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரை ஒட்டிய வைஹோ ஆற்றுப் பாலமே அடித்துச் செல்லப்பட்டு, மேற்குக் கடற்கரை இரண்டாகத் துண்டிக்கப்பட்டது. பாலம் சில வாரங்களில் மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. ஃபிரான்ஸ் ஜோசஃப் பள்ளத்தாக்கில் முகப்புக்கு அருகே சென்ற நடைபாதையின் மேற்பகுதி மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே, பனிச்சுவருக்குச் சில நூறு மீட்டர் முன்னால் நின்று எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நிற்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அது எந்த ஊரின் குற்றமும் இல்லை.

நடந்தே பார்க்க நினைப்பவர்களுக்கு

ஹெலிகாப்டரில் ஏறப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு, பனியாற்றைக் காண்பதில் ஃபிரான்ஸ் ஜோசஃபுக்கே சற்று மேலான இடம். ஊரிலிருந்து சில நிமிடங்களில் காரில் சென்று இறங்கினால், மழைக்காட்டின் ஊடாகச் செல்லும் எளிய பாதை ஒன்று ஆற்றுப்படுகையின் விளிம்பில் உள்ள பார்வையிடம் வரை அழைத்துச் செல்கிறது. போய்வர ஒரு மணி நேரம் போதும், வயதானவர்களும் நடக்கலாம். பக்கத்திலேயே சென்டினல் பாறை என்ற குன்றின்மேல் ஏறிப் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கும் குறும்பாதையும், பீட்டர்ஸ் பூல் என்ற சிறு குளத்துக்குப் போகும் பாதையும் இருக்கின்றன. அந்தக் குளம் கவனித்துப் பார்க்கத்தக்கது. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பனியாறு பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பெரும் பனிக்கட்டி ஒன்று கூழாங்கல் குவியலுக்குள் புதைந்து மெல்ல உருகியதால் ஏற்பட்ட பள்ளமே இன்று குளமாக நிற்கிறது. பனி எதுவரை வந்திருந்தது, எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதைக் குளக்கரையில் நின்று பனி தெரியும் திசையை நிமிர்ந்து பார்க்கும்போது எந்த விளக்கப் பலகையும் இல்லாமலே உணர்ந்துகொள்ளலாம்.

உடல் வலுவும் ஒரு முழு நாளும் உள்ளவர்களுக்கு ராபர்ட்ஸ் பாயின்ட் பாதை இருக்கிறது. தொங்கு பாலங்களையும், வழுக்கும் பாறைகளையும், பாறைச்சுவரில் பொருத்திய மரப்படிகளையும் கடந்து, போய்வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் அந்தப் பாதை, பனியாற்றை எதிரே உயரத்திலிருந்து காட்டுகிறது. மழை பெய்த மறுநாள் அதில் இறங்குவது அறிவுடைமையல்ல. ஓடைகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும் இடம் அது. அலெக்ஸ் நாப் என்ற 1303 மீட்டர் உயரச் சிகரத்துக்குச் செல்லும் பாதை இன்னும் நீண்டது; காலையில் மேகம் சூழ்வதற்கு முன் உச்சியை அடைய முடிந்தால்தான் அதற்குப் பலன்.

ஃபாக்ஸில் ஆற்றின் தென்கரையில் ஒரு நடைபாதை இருக்கிறது. அதன் முடிவில் பனியாற்றின் கீழ்ப்பகுதி தெரிகிறது. நல்ல நடைதான், ஆனால் கண்ணுக்குக் கிடைக்கும் பனி ஃபிரான்ஸ் ஜோசஃபைவிடக் குறைவு. பனியாற்றையும் அதன் பின்னணியில் உள்ள பெருஞ்சிகரங்களையும் ஒருசேரப் பார்க்க, ஊரிலிருந்து கில்லெஸ்பீஸ் கடற்கரைக்குச் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் போய்ப் புல்வெளிகளுக்கு நடுவே நின்று திரும்பிப் பார்ப்பதே மேல். நடக்க இயலாத முதியவர்களோடு வருகிறவர்களுக்கு இந்த இடத்தை நான் முதலில் சொல்வேன். காரிலிருந்து இறங்காமலே ஆவோராகி குக் சிகரம், டாஸ்மன் சிகரம், பனியாறு ஆகிய மூன்றும் தெரியும்.

மாதிசன் ஏரி என்னும் காரணம்

பனியாற்றுக் காட்சியில் சற்றுப் பின்தங்கினாலும் ஃபாக்ஸில் தங்கலாம் என்று நான் சொல்வதற்குப் பெருங்காரணம் மாதிசன் ஏரி. ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் காட்டுக்குள் இருக்கும் இந்தச் சிறிய ஏரியும் பனியாறு விட்டுச்சென்றதுதான்; சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் கடலை நோக்கி விரிந்திருந்த ஃபாக்ஸ் பனியாறு பின்வாங்கியபோது உண்டான பள்ளம் அது. 3724 மீட்டர் உயரமுள்ள ஆவோராகி குக் நாட்டின் மிக உயர்ந்த சிகரம். டாஸ்மன் அதற்கு அடுத்தது. ஏரியின் மேலைக் கரையில் நிற்பவருக்கு இந்த இரண்டும் நேர் எதிரே அருகருகே தெரியும் வண்ணம் ஏரி அமைந்திருக்கிறது.

ஏரியின் நீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள காட்டின் மட்கிய இலைகளிலிருந்து கசிந்து இறங்கும் பொருள்களே அந்த நிறத்துக்குக் காரணம். அந்தக் கருமையே நீரைக் கண்ணாடியாக்குகிறது. விடிவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் வாகன நிறுத்தத்திலிருந்து நடக்கத் தொடங்கினால், தொங்கு பாலத்தைக் கடந்து ரிமு, கஹிகாட்டியா மரங்களுக்கு ஊடே கரைக்கு வந்துவிடலாம். ஆரம்பத்தில் நீரும் காடும் ஒரே கருமையாக இருக்கும். பிறகு டாஸ்மனின் தோளுக்குப் பின்னால் வானம் இளஞ்சிவப்பாகும். அதே கணத்தில் ஏரிக்குள்ளும் தலைகீழாக ஒரு சிகரம் தெரியும். இலை ஒன்று நீரில் விழுந்தால்கூட அந்த உள்சிகரம் நெளிந்து அடங்குவதைப் பார்க்கலாம். காற்று எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பெரும்பாலான நாள்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் நீர் சிலிர்த்துவிடுகிறது. ஏரியை முழுதும் சுற்றிவர ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் படகுத்துறையிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் மிகுதி. அவ்வாறு செய்யாமல் மறுகரையில் உள்ள பார்வையிடங்கள் வரை போக வேண்டும். முழுப் பிரதிபலிப்பு அங்கேதான் கிடைக்கிறது.

ஃபிரான்ஸ் ஜோசஃபில் தங்கியிருப்பவர் இதற்காக விடியலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே எழுந்து, வளைந்த மலைச்சாலையில் இருட்டில் ஓட்டி வரவேண்டும். குழந்தைகளுடன் வந்தவர்கள் அதைச் செய்வதில்லை. ஃபாக்ஸில் தங்கியவரோ சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, நட்சத்திரம் தெரிந்தால் கிளம்பலாம். மேகம் மூடியிருந்தால் மறுபடி படுத்துக்கொள்ளலாம். இந்த வசதி சிறியதாகத் தோன்றினாலும், இந்த ஏரியைப் பொறுத்தவரை அதுவே எல்லாம்.

மழை நாள்களில்

மேற்குக் கடற்கரையில் மழை வரும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். அந்தக் கோணத்தில் பார்த்தால் ஃபிரான்ஸ் ஜோசஃப் மிகவும் வசதியான ஊர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் வாழும் ஊர்தான் என்றாலும், விடுதிகள், உணவகங்கள், மளிகைக் கடை, மருந்துக்கு வழி எல்லாம் ஃபாக்ஸைவிட அங்கு அதிகம். ஃபாக்ஸின் மக்கள்தொகை ஏறக்குறைய அதில் பாதி. ஒரே தெருவில் ஊர் முடிந்துவிடும்.

ஃபிரான்ஸ் ஜோசஃபில் உள்ள வனவிலங்கு மையத்தில் ரோவி என்ற கிவிப் பறவை இனத்தின் முட்டைகளைக் காட்டிலிருந்து கொண்டுவந்து பொரிக்கச் செய்கிறார்கள். கிவி இனங்களிலேயே மிக அரிதான ரோவி, இயற்கையாக அருகிலுள்ள ஓகாரிட்டோ காட்டில் மட்டுமே எஞ்சியது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸ்டோட் என்ற கீரி போன்ற விலங்கு குஞ்சுகளைத் தின்றுவிடுவதால், முட்டைகளை எடுத்துவந்து, குஞ்சுகள் தம்மைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்த பிறகே காட்டில் விடுகிறார்கள். மங்கலான சிவப்பு ஒளியில், இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், நீண்ட அலகை மண்ணில் குத்திக் குத்தி இரை தேடும் குஞ்சுகளைக் காணலாம். குழந்தைகளுக்கு இது பனியாற்றைவிட நினைவில் நிற்கும் என்பது என் எண்ணம். ஊரிலுள்ள வெந்நீர்க் குளங்கள் இயற்கையான வெந்நீரூற்றுகள் அல்ல. நீரைச் சூடாக்கித்தான் விடுகிறார்கள். ஆனாலும் மழைக்காட்டுக்கு நடுவே, மழை முகத்தில் விழ, கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்திருப்பது நடந்து களைத்த உடம்புக்கு இதமானது. அருகே 1931இல் மரத்தால் கட்டப்பட்ட புனித ஜேம்ஸ் தேவாலயம் ஒன்றும் உண்டு. பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சன்னல் வழியே பனியாறு தெரியுமாறு அதைக் கட்டினார்கள். 1946இல் அந்தக் காட்சி அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. பனி பின்வாங்கியதால் 1950களில் அந்தச் சன்னலிலிருந்து காட்சி மறைந்துபோனது. பனியாற்றின் வரலாற்றை ஒரு சன்னலில் படிக்க முடிகிற இடம் என்பதால், ஊருக்கு வருகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

ஃபாக்ஸில் மழை பெய்தால் அறைக்குள் இருப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை. மாலையில் ஊரோரத்துக் காட்டுப்பாதையில் மின்மினிப் புழுக்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இரண்டு ஊர்களிலுமே சமையலறைகள் இரவு சீக்கிரம் மூடிவிடும் என்பதையும், சைவ உணவுக்குத் தெரிவுகள் குறைவு என்பதையும் கருதி, சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள மோட்டல் அறை எடுத்து, அரிசி பருப்பைக் கிரைஸ்ட்சர்ச்சிலோ குயின்ஸ்டவுனிலோ வாங்கி வந்துவிடுவது நல்லது.

பனியின்மேல் இறங்குவது

ஹெலிகாப்டர் பயணத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, இருபது முதல் நாற்பது நிமிடம் பறந்து, மேலே பனிப்படுகையில் சில நிமிடங்கள் இறங்கி நின்றுவிட்டுத் திரும்புவது. மற்றொன்று, பனியாற்றின் நடுப்பகுதியில் இறக்கிவிடப்பட்டு, வழிகாட்டியோடு இரண்டு மூன்று மணி நேரம் பனிக்கட்டியின்மேல் நடப்பது. இரண்டுக்கும் பல நூறு நியூசிலாந்து டாலர் ஆகும். நடைப்பயணத்துக்கு இன்னும் அதிகம். குடும்பத்தில் நான்கு பேர் என்றால் விமானச்சீட்டுக்கு இணையான செலவு இது. ஆகவே யோசிக்காமல் முடிவு செய்யக் கூடாது.

என் பரிந்துரை, செலவழிப்பதானால் நடைப்பயணத்துக்கே செலவழிக்க வேண்டும் என்பது. பனிப்படுகையில் சில நிமிடம் நிற்பவர் காண்பது வெண்பனிப் பரப்பு. அதை வேறு பல மலைகளிலும் காணலாம். பனியாறு என்பதன் இயல்பு நடுப்பகுதியில்தான் தெரிகிறது. காலணியின் அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு, வழிகாட்டி தன் கோடரியால் வெட்டித் தந்த படிகளில் ஒவ்வோர் அடியாகப் பதித்து ஏறும்போது, பனி வெள்ளை நிறமுடையது என்ற எண்ணமே மாறிவிடுகிறது. காற்றுக் குமிழிகள் நசுங்கி வெளியேறிய இறுகிய பனிக்கட்டி, ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளிவிடுகிறது. பிளவின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் மேலே இளநீலமாகத் தொடங்கி ஆழம் போகப்போக மயில்கழுத்து நிறமாகிறது. அடியில் எங்கோ நீர் ஓடும் ஓசை இடைவிடாமல் கேட்கும். நகரும் பனி அழுத்தத்தில் விரிசல் விடும்போது ஒரு வெடிச்சத்தம் எழும். வழிகாட்டி நிற்காமல் நடந்துகொண்டே இருப்பார்.

இந்த நடையைப் பொறுத்தவரை இரண்டு ஊர்களுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஃபிரான்ஸ் ஜோசஃபின் செங்குத்தான சரிவு பனியை அதிகமாக உடைப்பதால் பிளவுகளும் குகைகளும் நெருக்கமாக இருக்கும். ஏற்ற இறக்கமும் அதிகம். தணிந்த சாய்வுடைய ஃபாக்ஸில் கால்களுக்குச் சிரமம் குறைவு, கூட்டமும் குறைவு. பறந்து திரும்பும் பயணங்களில் பல, எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் இரண்டு பனியாறுகளையும் சுற்றிக் காட்டிவிடுகின்றன என்பதால், அந்தக் காரணத்துக்காக ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. 2015 நவம்பரில் ஃபாக்ஸ் பனியாற்றில் சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். 2009 சனவரியில் தடுப்பைக் கடந்து முகப்புக்கு அருகே சென்ற சகோதரர்கள் இருவர்மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்து அவர்கள் உயிரிழந்தனர். வானிலை சரியில்லை என்று விமானி பறக்க மறுத்தால் வருந்தாமல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தடுப்புக் கயிறு இருக்கும் இடத்தில், அதற்கு அப்பால் எத்தனை பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாலும், நாம் நின்றுவிட வேண்டும்.

எத்தனை இரவுகள், எந்த மாதம்

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. குயின்ஸ்டவுனிலிருந்து கிளம்பி ஐந்து மணி நேரம் ஓட்டி மாலையில் வந்து சேர்ந்து, மறுநாள் காலை ஹெலிகாப்டரில் ஏறி, நண்பகலில் வடக்கே புறப்பட்டுவிடுவது என்று ஓரிரவு மட்டும் ஒதுக்குகிறார்கள். மேகம் இறங்கிவிட்டால் பயணம் ரத்தாகும். பணம் திரும்பக் கிடைத்தாலும் அந்தக் காலை திரும்பக் கிடைக்காது. இந்தப் பகுதிக்குக் குறைந்தது இரண்டு இரவுகள் தேவை. ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால் பனி நடைக்கான பணத்தைச் செலவிடத் துணியாமல், கிடைத்ததைப் பார்த்துவிட்டுப் போவதே மேல்.

திசம்பர், சனவரி அங்கே கோடைக்காலம். சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஆனால் கோடை என்பதற்காக மழை குறைந்துவிடாது. சூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில்தான் இந்தக் கடற்கரையில் தெளிந்த வானம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஊர்களில் உறைபனி விழலாமே தவிரக் குளிர் தாங்க முடியாததாக இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து மே மாத விடுமுறையில் வருகிறவர்களுக்கு அது இலையுதிர்காலத்தின் இறுதி; கூட்டம் குறைந்து, அறைகள் எளிதாகக் கிடைக்கும். எந்த மாதம் வந்தாலும் மணல் ஈக்களுக்கு எதிரான களிம்பு ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நிலத்தின் நிலையாமை இந்த ஊர்களோடு பிறந்தது. ஆல்பைன் பிளவு என்ற பெரும் புவிப்பிளவு ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரின் நடுவாகவே ஓடுகிறது. அது கடைசியாகப் பெரிய அளவில் நழுவியது 1717இல். வைஹோ ஆறு மலையிலிருந்து கற்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் படுகை உயர்ந்துவருகிறது. ஓரிரு இரவு தங்கிப் போகிறவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கனமழை எச்சரிக்கை வந்தால் நெடுஞ்சாலை மூடப்படலாம் என்பதை மனத்தில் கொண்டு, மறுநாளே சர்வதேச விமானம் பிடிக்கும்படி திட்டம் வைக்கக் கூடாது. நடைபாதைகளின் அன்றன்றைய நிலையை நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அறிவித்துவருகிறது. புறப்படும் காலையில் அதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது ஒரு வழி

ஹெலிகாப்டருக்குச் செலவிடப் போவதில்லை, மழையிலும் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை, ஆனாலும் பனியாறு பார்க்க வேண்டும் என்பவர்கள் மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஆவோராகி மவுண்ட் குக் கிராமத்தையும் எண்ணிப் பார்க்கலாம். நேர்க்கோட்டில் சில பத்து கிலோமீட்டர்தான். சாலையில் சுற்றி வர ஒரு முழு நாள் ஆகும். நாட்டின் மிகப் பெரிய பனியாறான டாஸ்மன் அங்கே இருக்கிறது. அதன் முகப்பில் கடந்த சில பத்தாண்டுகளில் உருவான ஏரியில் பனிப்பாறைகள் மிதப்பதை, கொஞ்சம் படிகள் ஏறினால் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறை ஒன்று உண்டு: டாஸ்மன் பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் சாம்பல் நிறக் கற்குவியலால் மூடப்பட்டிருப்பதால், முதன்முறை பார்ப்பவருக்கு அது பனியாறு என்றே தோன்றாது. மழைக்காடும் அங்கே இல்லை. இரவு வானத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் ஈடு இணையற்றது. 2012இலேயே அது சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

யாருக்கு எந்த ஊர்

சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள், முதன்முறை வருகிறவர்கள், காரில்லாமல் பேருந்தில் வருகிறவர்கள் ஆகியோருக்கு ஃபிரான்ஸ் ஜோசஃப். மழை பெய்தாலும் நாள் வீணாகாது. எளிய நடையில் பனியாறு தெரியும். கடை, உணவு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். கார் வைத்திருப்பவர்கள், கூட்டத்தை விரும்பாதவர்கள், படம் எடுப்பதில் ஆர்வமுள்ளவர்கள், பனியாற்றைவிட மலையை அதிகம் நேசிப்பவர்கள் ஆகியோருக்கு ஃபாக்ஸ். இரண்டு இரவு உள்ளவர்கள் ஊருக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மாறாக, இரண்டையும் ஒரே ஊரில் கழித்து மற்ற ஊருக்குப் பகலில் போய்வருவதையே நான் விரும்புவேன். பெட்டிகளைக் கட்டி அவிழ்ப்பதிலும் அறைக்காகக் காத்திருப்பதிலும் போகிற நேரம் தெளிந்த வானத்தின் நேரமாக இருந்துவிடும். எனக்கு இரண்டு இரவு மட்டுமே என்றால் இரண்டையும் ஃபாக்ஸில் வைத்துக்கொள்வேன். மாதிசன் ஏரிக்கு இரண்டு விடியல்கள் கிடைக்கும் என்ற ஒரு காரணமே எனக்குப் போதும்.

முன்பதிவில் ஒரு வரிசை முறை இருக்கிறது. ஹெலிகாப்டர் நடையை வந்து சேர்ந்த மறுநாள் முற்பகலுக்கே பதிவு செய்ய வேண்டும்; ரத்தானால் அதற்கடுத்த காலைக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும். பதிவு செய்யும்போதே உடல் எடை வரம்பு, வயது வரம்பு, ரத்தானால் பணம் திரும்பும் விதி ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை கூடினால் கூடுதல் கட்டணம் கேட்பது அங்கே வழக்கம். அறையை எப்போதும் ரத்து செய்யக்கூடிய வகையில் எடுக்க வேண்டும். தெற்கே ஹாஸ்ட் என்ற ஊர் வழியாகக் குயின்ஸ்டவுனுக்குப் புறப்படுகிறவர்கள் ஃபாக்ஸிலேயே எரிபொருளை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் சுமார் 120 கி.மீ. தள்ளி ஹாஸ்டில்தான் இருக்கிறது.